செம்புளிக்கு ஓர் ஒட்டு

அஞ்சலை அக்கா எங்கள் நாற்றுப்பண்ணைக்குள் வந்தபோது அவள் முகமே தெரியவில்லை. தலையில் ஈரச்சாக்குச் சுமை. சாக்கிலிருந்து புளியங்கிளைகள் பிதுங்கி, இலையெல்லாம் கண்ணை மறைத்துத் தொங்கியது. கழுத்து வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பத்தடி பின்னால் அவள் கணவர் ஏழுமலை வந்தார். வலதுகைக் கட்டைவிரலில் கிழிந்த வேட்டித் துணியால் பெரிய கட்டு. தலை கவிழ்ந்திருந்தது.

"தங்கச்சி, இந்த ஆளு வெட்டிட்டாரு. நீ ஒட்டிக் குடு" என்றாள் அக்கா.

சுமையை இறக்கி வைக்கக்கூட இல்லை. நான் "சரி" என்ற பிறகுதான் இறக்கினாள்.

அப்போது நான் தாவரவியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தேன். மேல்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த காலம். வடக்கனந்தலில் என் அண்ணன் தனபால் நாற்றுப்பண்ணை வைத்திருந்தார். மா, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் வாங்கக் கல்வராயன் மலையிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், கன்று தண்ணீரை எப்படி மேலே ஏற்றுகிறது என்று வாங்க வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் பாவம், கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவளிடம் வந்து "ஒட்டிக் குடு" என்றால் சும்மா இருப்பேனா?

அந்த மரத்தையே ஏன்?

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த காலம் அது. பஸ் கிடையாது. கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு புளியமரம் குறுக்கே படுத்துக் கிடக்கும். பேப்பர் வரவில்லை, வதந்தி மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது. கோரிக்கையைப் பற்றி எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சி இருந்தது. சோறு போடும்போதும் விவாதம்தான்.

ரோட்டோரப் புளியமரங்களின் காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். எடுத்தவர்கள் பங்குனி வெயிலில் உலுக்கிக் கொட்டி, ஓடு உடைத்து, கொட்டை நீக்கிச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். அஞ்சலை அக்கா தொடர்ந்து எடுத்துவந்த வரிசையில், வளைவை ஒட்டி நின்ற ஒரு மரம் மட்டும் தனி ரகம். ஓட்டை உடைத்தால் உள்ளே பீட்ரூட் அரைத்ததுபோல் சிவப்பு. நாக்கில் வைத்தால் முதலில் இனிக்கும், பிறகுதான் புளிக்கும். கள்ளக்குறிச்சிச் சந்தையில் அவள் கூடை முன்னால் ஆட்கள் காத்து நின்றது இந்த ஒரு மரத்துக்காகத்தான்.

அதன் கொட்டையைப் போட்டு முளைக்கவைத்துப் பார்த்திருக்கிறாள். வந்ததெல்லாம் சாதாரணப் புளி. ஆக, எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் அந்தச் செம்புளிக்கு ஒரே ஒரு மரம். அது இப்போது ரோட்டில் கிடந்தது.

"அத்தனை மரம் இருக்கும்போது இதை ஏங்க வெட்டினீங்க?" என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

அவர் கட்டைவிரல் துணியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "வளைவுலதான் மறிக்கணும்னு முடிவாச்சும்மா. நான் அத வுட்டுட்டு அடுத்தத வெட்னா இன்னா பேசுவாங்க? ஏழுமல ஊரான் மரத்த வெட்டிட்டு, பொண்டாட்டி மரத்த மட்டும் காப்பாத்திக்கினான்னு பேசுவாங்க. அதான் மொதல்ல அதயே வெட்டிட்டேன்."

"கேட்டுக்கினியா தங்கச்சி?" என்றாள் அக்கா. "ஊரு பேசுமாம். அதுக்குப் பயமாம். இனிமே இவராண்ட ஊரே பேசட்டும். நான் பேசல."

உண்மையிலேயே அன்று காலையிலிருந்து அவள் கணவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எதுவானாலும் மூன்றாவது ஆள் வழியாகத்தான். அவர் எதிரிலேயே நிற்பார். "அவர அந்தச் சாக்கப் பிரிக்கச் சொல்லு தங்கச்சி" என்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பிரித்துவிடுவார்.

அந்தச் சாக்கில் இருந்த குச்சிகள் வாடுவதற்குள் ஒட்ட வேண்டும். ஒட்டு பிடித்தால் செம்புளி பிழைக்கும். பிடிக்காவிட்டால் அந்தப் புளியும் போச்சு, இந்த வீட்டுப் பேச்சும் போச்சு. எனக்கோ பயத்தைவிடக் குதூகலம்தான் அதிகமாக இருந்தது. புத்தகத்தில் படித்தது ஒன்று முதல்முறையாக என் கைக்கு வந்திருந்தது.

வெங்காயத் தோல்

இந்தக் குதூகலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு.

கல்லூரியில் முதல் வாரம் மைக்ராஸ்கோப்பில் வெங்காயத் தோலைக் காட்டினார்கள். எல்லாரும் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. செங்கல் செங்கலாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளியோடு அத்தனை செல்கள். நேற்று வரைக்கும் நான் குழம்புக்கு நறுக்கிய வெங்காயம்தானே இது என்று மயிர்க்கூச்செறிந்தது. பின்னால் நின்றவள் என் ஜடையைப் பிடித்து இழுத்துத்தான் இடம் பிடித்தாள்.

அடுத்த வருஷம் தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றிப் பார்த்தோம். அங்கே ஒரே மாதிரி செங்கல்கள் இல்லை. ஓரத்தில் காவலுக்கு நிற்கும் செல்கள். உள்ளே தண்ணீரை மேலே ஏற்றும் குழாய்ச் செல்கள், அதாவது சைலம். அவை குழாயாகி வேலை தொடங்குவதற்கு முன்பே செத்துவிடுகின்றன, உள்ளே காலியாக இருந்தால்தானே தண்ணீர் ஓடும்? இலை சமைத்த சாப்பாட்டைச் செடி முழுக்க அனுப்பும் புளோயம் செல்கள் அதற்கு வெளியே.

இவை அத்தனையும் ஒரே ஒரு செல்லில் இருந்து பிறந்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் முழு மரத்துக்கான விஷயமும் ஒரு புத்தகம்போல இருக்கிறது. இலைச் செல்லுக்கு வேராவது எப்படி என்று தெரியும், ஆனால் அது அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. இதை வகுப்பில் கேட்ட அன்று விடுதியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் விரல் நுனிக்குக் கண்ணாவது எப்படி என்று தெரியுமே, பேசாமல் நகத்தை வளர்த்துக்கொண்டிருக்கிறதே என்று விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அண்ணனோடு விதை சேகரிக்க வெள்ளிமலைப் பக்கம் போயிருந்தேன். ஓடைக்கரையில் இரண்டு பலாமரங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டே வளர்ந்து, உரசிய இடத்தில் ஒரே மரமாகச் சேர்ந்திருந்தன. அங்கே பட்டையில் கோடுகூட இல்லை. மலைக்காரர் ஒருவர் "அண்ணன் தம்பி மரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் கடைசி பஸ் போய்விட்டது. அண்ணன் ஊர் வரும்வரை திட்டினார்.

வளையத்தோடு வளையம்

எங்களிடம் பைகளில் புளிய நாற்று இருந்தது, பென்சில் பருமனில். அவைதான் வேர்ச்செடி, மேலே ஒட்டைத் தாங்கப்போகும் கீழ்ப்பாதி. அக்கா கொண்டுவந்த ஒட்டுக்குச்சிகள் அதைவிடச் சற்று மெல்லியவை.

நாற்றின் தலையை வெட்டிவிட்டு நடுவில் பிளக்க வேண்டும். குச்சியின் அடியை ஆப்புபோலச் சீவிப் பிளவில் செருக வேண்டும். பாலிதீன் பட்டையால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பையைத் தொப்பிபோலக் கவிழ்க்க வேண்டும். அண்ணனுக்கு மா ஒட்டில் நல்ல பழக்கம். அது பக்கத்தில் வைத்து உரசிக் கட்டுகிற முறை. இந்தச் செருகு ஒட்டு எங்கள் இருவருக்குமே புதிது.

நான் வாத்தியார் வேலையை ஆரம்பித்தேன். "பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் பச்சையாக ஒரு மெல்லிய வளையம் இருக்கு பாருங்க. அதுதான் கேம்பியம். மரத்தில் இன்னும் எந்த வேலைக்கும் போகாத செல்கள் அதில்தான் இருக்கு. உள்பக்கம் பிரிஞ்சா சைலம் ஆகும், வெளிப்பக்கம் பிரிஞ்சா புளோயம் ஆகும். இந்த வளையம் அந்த வளையத்தோடு சேரணும். சேர்ந்தால் நடுவில் புதுச் செல்கள் பெருகி, அவையே குழாயாக மாறி ரெண்டையும் இணைச்சிடும்."

அண்ணன் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கன்றுப் பைகளைக்கூட நூல் பிடித்து அடுக்குகிற ஆள் அவர். சட்டையில் ஒரு மடிப்பு கோணலாக இருந்தால் மறுபடி இஸ்திரி போடுவார். வளையத்தோடு வளையம் என்றதும் அவர் மனதில் என்ன படம் வந்திருக்கும்? பெரிய வட்டத்துக்கு நட்டநடுவே சின்ன வட்டம். மெல்லிய குச்சியைப் பிளவின் சரிநடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டுச் செருகினார். கோயில் கோபுரத்துக் கலசம்போல அத்தனை அழகு.

நான் பார்த்து "புத்தகத்துப் படம் மாதிரியே இருக்குண்ணா" என்றேன். புத்தகத்துப் படத்தில் குச்சியும் நாற்றும் ஒரே பருமன் என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

குச்சிகள் வாடிக்கொண்டிருந்தன, ஆள் போதவில்லை. "அவரும் சும்மாதான நிக்கிறாரு. கட்டச் சொல்லு" என்றாள் அக்கா. ஏழுமலை உட்கார்ந்தார். கட்டைவிரலில் அவ்வளவு பெரிய துணிக்கட்டோடு எப்படிப் பிடிப்பார்? அவர் செருகிய குச்சிகள் ஒரு பக்கமாக நழுவி, நாற்றின் ஓரத்தோடு ஒட்டிக்கொண்டன. நேராக்கினால் மறுபடி நழுவின. அப்படியே கட்டிவிட்டார். அண்ணன் அவற்றைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தனியாக ஒரு ஓரத்தில் வைக்கச் சொன்னார், வாங்க வருகிறவர்கள் கண்ணில் படாமல்.

கட்டிக்கொண்டே ஏழுமலை கேட்டார். "எல்லாம் ஒரே செல்லுலேந்து வந்ததுன்றியேம்மா. அப்ப நீ வேரு, நீ எலைன்னு அதுக்கு யாரு சொல்றது?"

"யாரும் உட்கார்ந்து சொல்றதில்லைங்க. அது எந்த இடத்தில் இருக்கு, பக்கத்துச் செல் என்ன அனுப்புது, வெளிச்சம் எவ்வளவு, தண்ணி எவ்வளவு. அதை வச்சுத்தான் அது என்னவா ஆகுதுன்னு முடிவாகுது."

"அப்ப வேராப் பொறந்தா வேராவேதான் கெடக்கணும்னு ஒண்ணும் கெடையாது."

"கெடையாதுங்க. வேரை வெட்டினால் வெட்டின இடத்தில் தளிர் விடும் மரங்கள்கூட இருக்கு."

அவர் கை நின்றது. "இதத்தாம்மா நாங்க ரோட்ல ஒக்காந்துக்கினு கேக்கறம். எங்க வூட்டுப் பொண்ணும் படிக்கற எடத்துல இருந்தா படிக்கும். வேற இன்னா கேக்கறம்?"

அக்கா குச்சியில் இலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "கேக்கட்டும், நானும்தான் கேக்கறேன். அத கேக்கறதுக்கு எம்மரம் இன்னாத்துக்குன்னு அவராண்ட கேளு தங்கச்சி."

நான் கேட்கவில்லை. அவர் அடுத்த நாற்றை எடுத்தார்.

முந்திக்கொண்டவை

ரோடு திறந்தது. பஸ் ஓடியது. ஊரில் கைதான ஆட்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பினார்கள். கிடந்த மரத்தை அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா தினமும் பொழுது சாய்வதற்குள் ஒருமுறை வந்து, பாலிதீன் தொப்பிகளுக்குள் குனிந்து பார்ப்பாள். கணவரும் வருவார். ஒன்றாக வரமாட்டார்கள். ஒருவர் போன பிறகு மற்றவர்.

ஒருநாள் காலை அண்ணன் கத்தினார். ஓடினேன். அவர் வைத்த ஒட்டுகளில் மொட்டு விரிந்து, அரிசி முனை அளவுக்குச் சிவந்த தளிர்கள். நான் பண்ணைக்குள்ளேயே குதித்தேன். அண்ணன் குதிக்கிற ஆள் இல்லை, ஆனால் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அக்காவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்து பார்த்தாள். அவள் கண் கலங்கியது. ஏழுமலையும் வாசலில் நின்றார். அவரைப் பார்த்து அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

பிறகு என்ன நினைத்தாளோ. "கொஞ்சம் நாளு போவட்டும் தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் நினைத்தது சரியாகப் போயிற்று. அந்த வாரம் முடிவதற்குள் தளிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்ந்தன. கருகி, தொட்டால் உதிர்ந்தன. குச்சி தனக்குள் வைத்திருந்த சேமிப்பைச் செலவழித்துத் தளிர் விட்டிருக்கிறது. கீழேயிருந்து தண்ணீர் வரவேயில்லை.

அண்ணன் அன்று மதியம் சாப்பிடவில்லை. நான் காய்ந்த ஒட்டு ஒன்றைக் குறுக்கே சீவி லென்ஸில் பார்த்தேன். சின்ன வட்டம் பெரிய வட்டத்தின் நட்டநடுவே உட்கார்ந்திருந்தது. குச்சியின் பச்சை வளையம் நாற்றின் கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாற்றின் பச்சை வளையமோ ஓரத்தில், யாரையும் தொடாமல். இரண்டுக்கும் நடுவில் பழுப்பாக ஒரு கோடு. வேலைக்குக் காத்திருந்த செல்கள் இரண்டு பக்கமும் இருந்திருக்கின்றன. அவை சந்திக்கவே நாங்கள் விடவில்லை.

அப்படியானால் கோணல் ஒட்டுகள்?

செருப்புகூடப் போடாமல் அந்த ஓரத்துக்கு ஓடினேன். ஏழுமலை வைத்தவற்றில் பாதி காய்ந்திருந்தன. நான்கில் குச்சி பச்சையாகவே இருந்தது. தளிர் இல்லை. ஆனால் கட்டின் விளிம்பில், குச்சியின் பட்டையும் நாற்றின் பட்டையும் ஒரே கோட்டில் சேர்ந்த பக்கத்தில், வெளிறிய நிறத்தில் ஏதோ திரண்டு பிதுங்கிக்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்தேன். ரவை ரவையாகச் செல்கள். எந்த வேலையும் இல்லாத, எதுவாகவும் ஆகத் தயாரான செல்கள். வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டு மரமும் சேர்ந்து பெற்றவை.

"அண்ணா" என்றேன். அவர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே அந்த நான்கு கோணல் ஒட்டுகளையும் எடுத்துப் பண்ணையின் முன்வரிசையில் வைத்தார். நூல் பிடித்துத்தான்.

பிளேடு

அவை நிதானமாகத்தான் தளிர்த்தன. முதலில் ஒரு பச்சை முனை, பிறகு ஒரு கீற்று, பிறகு இரண்டு. தளிர் வாடவில்லை. ஐப்பசி மழை கொட்டியது, அதற்கும் அசையவில்லை. இனி பயமில்லை என்று அண்ணன் சொன்ன அன்று புருஷன் பொண்டாட்டி இருவரையும் ஒன்றாக வரச் சொன்னோம். வந்தார்கள், பத்தடி இடைவெளியில்.

"இது நாலும் அவர் வச்சது" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் கன்றுகளைப் பார்த்தாள். ஏழுமலையின் கட்டைவிரலைப் பார்த்தாள். கட்டு அவிழ்ந்து, புதுத்தோல் பளபளவென்று மூடியிருந்தது.

அங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. வாரக்கணக்காக என்னை ஒரு ஆசை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ரவைச் செல்கள் இதற்குள் குழாயாக மாறியிருக்கும். எந்தச் செல் எப்படித் திரும்பி, எந்த வழியில் வரிசை பிடித்து, கீழ்மரத்துக் குழாயையும் மேல்மரத்துக் குழாயையும் இணைத்தது? கள்ளக்குறிச்சிப் பள்ளி ஒன்றில் என் சிநேகிதி வேலை பார்த்தாள். அங்கே மைக்ராஸ்கோப் இருந்தது. ஒரே ஒரு கன்றின் ஒட்டை மட்டும் சீவினால் போதும்.

"அக்கா, நாலு இருக்கே. ஒண்ணை மட்டும் எனக்குத் தர்றீங்களா? வெட்டிப் பார்க்கணும்."

அண்ணன் என்னை முறைத்தார். அக்கா என் முகத்தில் என்ன கண்டாளோ, சிரித்துவிட்டாள்.

"நீ இல்லன்னா நாலும் ஏது? எடுத்துக்க தங்கச்சி. நல்லாப் பாரு. பாத்துட்டு உள்ள இன்னா நடந்துச்சுன்னு எனக்கும் சொல்லு."

நான் ஓடிப்போய்ப் பிளேடு எடுத்துவந்தேன். காகித உறையைப் பிரித்தேன். கன்று ஒன்றைத் தூக்கி மடியில் வைத்து, கட்டை அவிழ்த்தேன். ஒட்டிய இடம் சற்றே வீங்கி, வெதுவெதுப்பாக இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பிளேடை வைத்தேன்.

"வாணாம்மா."

ஏழுமலை. இரண்டடி முன்னால் வந்திருந்தார். கை லேசாக நீண்டிருந்தது.

"வெட்டாதம்மா. அது பொழச்சிக்கினு இருக்குது. வெட்டாத."

அக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். ரோடு மறித்த அந்தக் காலையிலிருந்து அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்து நான் பார்க்கவில்லை.

"யோவ்" என்றாள். "வெட்டாதன்னு நீயா சொல்ற?"

அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நீயாய்யா சொல்ற?" என்று மறுபடி கேட்டாள். இந்த முறை அவள் குரல் உடைந்துவிட்டது.

நான் பிளேடை உறையில் சுற்றி வைத்தேன். இருவரும் ஆளுக்கு இரண்டு கன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பழைய இடத்திலேயே ரோட்டோரம் நட வேண்டும் என்றார் அவர். நட்டால் அடுத்த மறியலுக்கு யார் வெட்டுவது என்றாள் அவள். வேலி தாண்டி, வாய்க்கால் தாண்டி, அவர்கள் தலை மறைகிற வரைக்கும் அந்தச் சண்டை எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அண்ணனும் நானும் நின்று கேட்டோம்.